பிரபுவின் கடைசி மூச்சு

கோட்டை பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கோட்டையை அல்ல. காரை நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கழிவறை. அப்புறம் டீக்கடை. இதெல்லாம் முடிந்து, மழையும் விட்டிருந்தால், கோட்டை. முப்பது வருடத்துக்கு மேல் சுற்றுலா பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், சார்ஜென்ட், இதில் பொய் கிடையாது. நான் சொன்ன மற்ற விஷயங்களில் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

என் பெயர் வால்டர் பெக். ஊர் லீக். வயது எழுபத்தொன்பது. இதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த டீயில் பால் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, பேச்சுக்குச் சொன்னேன்.

பஸ் ஓட்டுகிறவனிடம் ஒரு மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். அதுதான் ஆரம்பம். பள்ளிப் பிள்ளைகளையும் ஓய்வுபெற்ற கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு கோட்டை கோட்டையாகப் போவேன். வழியில் அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். கோட்டை என்றால் அங்கே ஒரு பிரபு நிலவறையில் பட்டினி கிடந்து செத்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். எல்லாக் கோட்டையிலும் அப்படி நடக்கவில்லை. நடக்காத இடங்களில் நானே சாகடித்தேன்.

அந்தப் பிரபுவுக்கு ஒரு கடைசி மூச்சும் வைத்திருந்தேன். முதலில் நீளமாக ஒரு இழுப்பு, துருப்பிடித்த கீல் மாதிரி. அப்புறம் ஒன்றுமே இருக்காது. பஸ் முழுக்கத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு சின்னச் சின்னதாகத் தொண்டைக்குள் சில விக்கல். ஒரு தலைமையாசிரியை உண்மையாகவே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஓடிவந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அப்போது வண்டி மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யார்க்‌ஷயரில் ஒரு கோட்டையில் இந்த வாரம் ஒரு வழிகாட்டிப் பெண் எங்களுக்குப் பிரபு கதை சொன்னாள். என் பிரபு. நான் சாகடித்தவன். அவள் அவனுக்கு வருடம், மாதம், மனைவி பெயர் எல்லாம் வைத்திருந்தாள். "இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். "வரலாறு சார்" என்றாள். நான் தொப்பியைக் கழற்றினேன். நிதானமான குரலில் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகவே நின்றுவிடும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இது பின்னால் தேவைப்படும்.

இந்தப் பயணம் என் மகள் ஜூடித்தின் யோசனை. அவள், அவள் புருஷன் டங்கன், எட்டு வயதுப் பேத்தி ஃப்ளோரா, நான். வேல்ஸில் தொடங்கி, யார்க்‌ஷயர் வழியாக, வடக்கே நார்தம்பர்லாண்ட் கடற்கரை வரை. "கோட்டை கோட்டையா ஒரு வாரம் சுத்தலாம்ப்பா. உங்களுக்குப் பிடிச்சதுதானே" என்றாள். பிடித்ததுதான்.

காரின் பின்பெட்டியில் என் குளிர்கோட்டு இருந்தது. நம் நாட்டில் ஆகஸ்ட் மாதத்தில் குளிர்கோட்டு எடுத்துப்போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் அடியில், குளியல் துண்டில் சுற்றி, என் மனைவி மோரீனின் படமும் இருந்தது. சுவரில் ஆணியோடு தொங்கிய படம். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் செத்துப்போன மனைவியின் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. வசந்த காலத்தில் ஜூடித் என்னை அவள் ஊரில் எல்ம் கோர்ட் என்ற முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். "சும்மா ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்ப்பா." சுவரோரமாக நாற்காலிகள். நாற்காலிகளில் ஆட்கள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தபடி. கதவைத் திறக்க எண்களை அழுத்த வேண்டும். எண்கள் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். ஓவர்கோட்டு பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் கதவருகே நின்றார். என் கையைப் பிடித்து, "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். என் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். நாங்கள் கிளம்பும்போதும் அவர் அங்கேயே நின்றார். கதவு எங்களுக்குப் பின்னால் மூடிய சத்தம் ரொம்ப மெதுவான சத்தம், சார்ஜென்ட். வீட்டில் பிரிட்ஜ் மூடுகிற மாதிரி.

அந்தச் சத்தம் என்னோடு வேல்ஸுக்கு வந்தது.

கான்வி கோட்டையில் மழை. நம் ஜனங்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: காரைக் கோட்டைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து சான்ட்விச் தின்றோம். கண்ணாடியெல்லாம் ஆவி. ஃப்ளோரா விரலால் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாகக் கோட்டையைப் பார்த்தாள்.

"தாத்தா, பிரபு எப்படிச் செத்தார்னு செஞ்சு காட்டு."

"அப்பா, சாப்பிடறப்ப வேணாம்" என்றாள் ஜூடித்.

"சாப்பாடு இல்லாமத்தாண்டி அவன் செத்தான். சாப்பிடறப்பதான் சொல்லணும்."

செய்து காட்டினேன். ஃப்ளோரா காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். டங்கன் சிரித்ததில் பிளாஸ்கிலிருந்த டீ அவன் மடியில் கொட்டியது. "மாமா, நீங்க நிஜமா சாகறப்ப ஒருத்தனும் நம்பமாட்டான்" என்றான். துடைத்துக்கொண்டே இன்னும் சிரித்தான்.

டங்கனைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஸ்காட்லாந்தில், ஃபைஃப் கடற்கரையில் சிப்பி பொறுக்கி வளர்ந்தவன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கோட்டைப் படிகளில் எனக்கு மூச்சு வாங்கும் என்று ஒரு மடக்கு முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தான். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கோபுரத்திலும், நான் உட்காரலாமா என்று யோசிப்பதற்குள் முக்காலி பின்னால் வந்துவிடும். அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததாக யாரும் நினைக்கக் கூடாது.

அடுத்த கோட்டையில் கார் சாவி கிணற்றில் விழுந்தது. நான் போட்டேன் என்றும் சொல்லலாம். பழைய கிணறு, மேலே இரும்புக் கம்பிகள். குழந்தைகள் காசு போட்டு, விழுகிற சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். காரிலிருந்து தொப்பியை எடுக்க வேண்டும் என்று டங்கனிடம் சாவியை வாங்கியிருந்தேன். கம்பிகளுக்கு நடுவே சாவி போக வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மாற்றுச் சாவி வந்து சேர ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்தது.

டங்கன் கிணற்றை எட்டிப் பார்த்தான். "போகட்டும் மாமா. வில்லு, ஈட்டி, மண்டையோடுன்னு எவ்வளவோ கெடக்கும் உள்ள. நம்ம சாவியும் கெடக்கட்டும்."

ஜூடித் அப்படி விடுகிறவள் இல்லை. "அப்பா, நீங்க வேணும்னே செய்றீங்க."

"எதை?"

"உங்களுக்கே தெரியும்."

யார்க்‌ஷயரில் எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எந்தக் கால் என்பதில் எனக்கே ஒருமுறை குழப்பம் வந்தது. ஃப்ளோரா சுட்டிக்காட்டினாள்: "தாத்தா, காலைல இந்தக் கால்தான வலிச்சுது?" அதில் அரை நாள்தான் தேறியது.

அங்கேதான், மதில்மேல், டங்கன் முக்காலியை விரித்து என்னை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். ஜூடித்தும் ஃப்ளோராவும் கீழே புல்லில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா. பின்பெட்டில குளிர்கோட்டப் பாத்துட்டீங்க இல்ல?"

"மோரீனையும் பாத்தேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "திங்கக்கிழமை எல்ம் கோர்ட்ல சேக்கறதா இருக்கு. வீட்டை விக்கவும் பேசியாச்சு. உங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்பு. நான் சொல்லணும்னேன். அவ பயப்படறா மாமா. நீங்க அடுப்ப அணைக்காம ரெண்டு தடவ வெளிய போயிட்டீங்க."

"ஒரு தடவ."

"ரெண்டு தடவ மாமா."

நான் தலையாட்டினேன். மூன்று தடவை. ஒன்று அவர்களுக்குத் தெரியாது.

"எங்க கராஜை ஒரு ரூமா மாத்தலாம்னு எனக்கு ஒரு எண்ணம்" என்றான். "அளந்துகூட வெச்சிருக்கேன். ஜன்னல் தோட்டத்தைப் பாத்து வரும். அடுப்பு இருக்காது, அவ்வளவுதான்."

"ஜூடித் என்ன சொல்றா?"

அவன் கீழே புல்லைப் பார்த்தான். "முடியாதுங்கறா. நான் விடமாட்டேன், இன்னும் பேசறேன்."

நல்ல பையன். ஆனால் அவன் பேசி ஜூடித் மனது மாறாது என்பது அவனைவிட எனக்குத் தெரியும். அவள் அம்மா மாதிரி. ஒன்றை முடிவு செய்தால், அப்புறம் மழை பெய்தாலும் துணியை எடுக்கமாட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவள் தன் திட்டத்தை எல்லாம் தூக்கிப்போட்டு வந்திருக்கிறாள். அது மோரீன் செத்தபோது. அன்றைக்கே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவள், குளிர்காலம் முழுக்க இருந்தாள். காலையில் இருவரும் ஓட்ஸ் கஞ்சி கிண்டுவோம். யார் கிண்டினாலும் அடிபிடிக்கும். தோட்டத்தில் டாஃபடில் பூத்த பிறகுதான் போனாள். என் வாழ்க்கையில் நல்ல குளிர்காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். மோரீன் மன்னிக்க வேண்டும்.

மதிலில் உட்கார்ந்து நான் நினைத்தது இவ்வளவுதான். நினைப்பது குற்றம் இல்லை.

நார்தம்பர்லாண்டில் கடைசியாக ஸ்கார்த் கோட்டை. தீவில் இருக்கிறது. மணலுக்குமேல் போட்ட ஒரு சாலை வழியாகத்தான் போக வேண்டும். கடல் தினமும் இரண்டு தடவை வந்து அந்தச் சாலையை மூடும். உங்கள் ஊர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையில், தண்ணீரில் முங்கிய கார் ஒன்றின் படம் போட்டு எச்சரிக்கை வைத்திருக்கிறீர்கள். எல்லாரும் அதன் முன்னால் நின்று சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

முந்தின இரவு கரையோரக் கிராமத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் என் இதய மாத்திரை டப்பாவைக் குளியலறை ஜன்னல் விளிம்பில் விட்டுவிட்டு வந்தேன். மதியத்துக்கு உரிய ஒன்றை மட்டும் காகிதத்தில் மடித்து மழைக்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். மறதி என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். வயதானவர்கள் மறப்பார்கள் என்று நீங்கள் உடனே ஒப்புக்கொண்டீர்கள். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

கரையில் அந்தப் பலகை இருக்கிறது. இன்றைக்கு எத்தனை மணிவரை சாலையில் போகலாம் என்று எழுதுகிற பலகை. இரண்டரை என்று இருந்தது. மழைத் தூறல். ஜூடித்தும் ஃப்ளோராவும் காருக்குள். டங்கனும் நானும் பலகை முன்னால்.

இப்போது ஒரு சின்ன விஷயம். கோடை வந்தால் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொள்கிறோம். கடல் அப்படிச் செய்வதில்லை. அதனால் கடைகளில் விற்கிற அலை நேரப் புத்தகங்களில் பழைய நேரத்தையே போட்டிருப்பார்கள். கோடையில் படிக்கிறவன் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை அப்பாமார்கள் அடித்தே சொல்லித்தருவார்கள். டங்கனுடைய அப்பாவும் சொல்லித்தந்திருந்தார். கான்வியிலேயே அவன் அதைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கம் செய்தான்.

ஸ்கார்த் பலகையில் கோடை நேரத்தைக் கூட்டித்தான் எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் குழம்பக் கூடாது என்று, அதையும் கீழே ஒரு வரியில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரி என் இடுப்பு உயரத்தில் இருந்தது. நான் பலகையில் சாய்ந்து நின்றேன். இந்த வயதில் ஒருவன் எதன்மீதாவது சாய்வான். என் மழைக்கோட்டு அகலமானது.

"மாப்பிள்ளை, ஒரு மணி நேரம் கூட்டிட்டீங்களா?" என்று கேட்டேன்.

டங்கன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அட, எங்கப்பா இருந்தா முதுகுல ஒன்னு வெச்சிருப்பார். அப்ப மூன்றரை. நல்லவேளை கேட்டீங்க மாமா."

நான் கேட்டது ஒரு கேள்வி. அதில் பொய் இருக்கிறதா என்று நீங்களே திருப்பித் திருப்பிப் பாருங்கள். நானும் பார்த்துவிட்டேன். இல்லை.

கோட்டை சின்னதுதான், ஆனால் அழகு. பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. மாடி அறையில் சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல், முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். ராத்திரி தண்ணீர் இறங்கின பிறகுதான் கிளம்புவதாகத் திட்டம். மதியம் கீழே டீக்கடையில் சூப் குடித்தோம். மடித்துவைத்திருந்த மாத்திரையைச் சூப்போடு விழுங்கினேன். அப்புறம் பைகளைத் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா?" என்றாள் ஜூடித்.

"மாத்திரை டப்பா."

"அப்பா!" அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இதுக்குத்தான். இதுக்குத்தான் நான் சொல்றது."

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று டங்கன் எழுந்துவிட்டான். "இன்னும் நேரம் கெடக்கு. ஒரு ஓட்டம். மாமாகிட்ட கத்தாத, ஜூடித்."

"நானும் வரேன்ப்பா" என்று ஃப்ளோரா அவன் கையைப் பிடித்தாள்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். நான்தான் குழந்தையைத் தடுத்தேன். "ஃப்ளோரா, இந்தக் கோட்டையிலதான் பிரபு நிஜமாவே செத்த ரூம் இருக்கு. மாடில. நீ வந்தாத்தான் காட்டுவேன்" என்றேன். அவள் அப்பாவின் கையை விட்டுவிட்டாள். டங்கன் அவள் தலையைக் கலைத்துவிட்டுப் போனான். குழந்தை இன்று உயிரோடு இருப்பது என்னால்தான். இதை யாரும் சொல்லவில்லை.

அப்போது நான் எதிர்பார்த்தது கார் மட்டும்தான், சார்ஜென்ட். கார் போகும். அவன் போகமாட்டான். சாலை நடுவே கால்கள் வைத்து ஒரு மரக் குடில் கட்டியிருக்கிறார்களே, மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உட்கார? அதில் ஏறி உட்காருவான். ஊரே சிரிக்கும். கார் இல்லை, எல்லாரும் தீவில் இன்னும் ஒரு நாள், இரண்டு நாள். திங்கட்கிழமை தள்ளிப்போகும். ஒரு நாள் என்பது உங்களுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். எண்களை அழுத்தித் திறக்கிற கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள் என்பது பெரிய விஷயம்.

ஜூடித் காற்று வாங்கத் தோட்டத்துப் பக்கம் போனாள். போனை என்னிடம் கொடுத்தாள், ஃப்ளோராவைப் போட்டோ எடுக்க. நானும் ஃப்ளோராவும் மாடிக்குப் போனோம். அவள் முற்றத்து ஜன்னலில் ஏறி உட்கார்ந்து புறாக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சாலைப் பக்க ஜன்னலில் நின்றேன்.

மூன்று மணிக்குக் கார் திரும்பி வந்தது. தண்ணீர் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. கடல் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைப்பார்கள், அப்படி வருவதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் மணல் ஈரமாகும். ஈரம் மினுங்கும். அப்புறம் சாலை இருந்த இடத்தில் வானம் தெரியும். கார் மெதுவாகி, நின்று, ஒரு பக்கமாகத் திரும்பியது. டங்கன் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர். குடிலின் ஏணியைப் பிடித்து ஏறிவிட்டான். நான் மூச்சை விட்டேன். என் சொந்த மூச்சை.

உடனே ஜூடித்தின் போன் அடித்தது. அவன்தான்.

"ஜூடித்?"

"நான்தான் மாப்பிள்ளை."

"மாமா, நல்லதாப் போச்சு, நீங்களே எடுத்தீங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா. நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன் போல. கார் போச்சு. நான் குடில்ல இருக்கேன், ஒன்னும் ஆகல. மீட்புப் படகுக்குச் சொல்லிட்டேன், வர்றதுக்கு நேரமாகுமாம்." சிரித்தான். பல் அடித்துக்கொள்வது கேட்டது. "போட்டோல இருக்கற கார் நம்ம கார்தான் இனிமே. மாமா, மாத்திரை எங்கிட்ட இருக்கு. நீங்க அது இல்லாம தாங்குவீங்களா? நெஞ்சு ஒன்னும் பண்ணலயே?"

பண்ணவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சூப்போடு ஒன்று விழுங்கிவிட்டேன், நீ படகு வரும்வரை சும்மா உட்கார் என்று சொல்லியிருக்கலாம்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். படகு வரும். இவனைக் கொண்டுவந்து விடும். வேறு ஒரு கார் வரும். இவன் கராஜைப் பற்றிப் பேசுவான், அவள் முடியாது என்பாள், இவன் வருத்தத்தோடு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்ம் கோர்ட் வாசல்வரை வருவான். முக்காலியையும் கொண்டுவருவான். திங்கள் இல்லாவிட்டால் புதன். நான் கிணற்றில் போட்டது, காலில் சுளுக்கிக்கொண்டது, பலகையில் சாய்ந்தது எல்லாம் சேர்த்தே சில நாட்கள்தான். எனக்கு ஒரு குளிர்காலம் வேண்டியிருந்தது.

ஜூடித் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எப்போது என் வீட்டுக்கு வருவாள் என்று சொன்னேன் அல்லவா.

மூச்சை இழுத்தேன். நீளமாக, துருப்பிடித்த கீல் மாதிரி. அப்புறம் நிறுத்தினேன்.

"மாமா? மாமா, என்னாச்சு? பேசுங்க மாமா."

பிறகு தொண்டைக்குள் சின்னச் சின்னதாக.

முற்றத்து ஜன்னலிலிருந்து ஃப்ளோரா திரும்பிப் பார்த்துக் கைதட்டினாள். "ஐ, பிரபு சாகறார்" என்றாள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவளும் தன் வாயில் விரலை வைத்துக்கொண்டாள். நல்ல குழந்தை.

"மாப்பிள்ளை... நீங்க... அங்கயே... இருங்க" என்றேன். இதுவும் எழுதப்பட வேண்டும். அங்கேயே இருங்கள் என்றுதான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாகச் சொன்னேன், நடுநடுவே மூச்சு விட்டு.

"மாமா, நான் வரேன். கரை பக்கத்துலதான் இருக்கு. ரொம்ப தூரமில்ல. உக்காருங்க, படுக்காதீங்க, உக்காந்தே இருங்க, நான் வந்துட்டேன்."

குடிலிலிருந்து பார்த்தால் தீவின் கரை பக்கத்தில் இருக்கிற மாதிரிதான் தெரியும். நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் இறங்கியிருக்கும்போது அதைச் சின்னப் பாலத்தில் தாண்டுகிறோம். ஏறியிருக்கும்போது பாலம் தெரியாது, இழுப்புதான் தெரியும். ஏணியில் இறங்கினான். ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான், பள்ளியில் பதில் தெரிந்த பையன் மாதிரி. கையில் என்ன என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. நெஞ்சளவு வரை பார்த்தேன். அப்புறம் கை மட்டும்.

"தாத்தா, அங்க என்ன பாக்கறீங்க?" என்று ஃப்ளோரா இறங்கி வந்தாள். "ஒன்னுமில்ல, கடல்" என்று சொல்லி அவளைச் சமையலறை பார்க்க அழைத்துப்போனேன். அங்கே ஒரு முழு மாட்டைச் சுடுகிற அடுப்பு இருக்கிறது. அதை அணைக்காமல் வெளியே போன ஒரு சமையல்காரனின் கதையைச் சொன்னேன். அவள் நம்பினாள்.

மறுநாள் காலையில் அவனைக் கண்டெடுத்தபோது டப்பா அவன் சட்டைக்குள் இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சான்ட்விச் சுற்றுகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு. மாத்திரைகள் நனையவே இல்லை. அவற்றைத்தான் இப்போது தினமும் போட்டுக்கொள்கிறேன். வீணாக்கக் கூடாது.

முதல் இரண்டு நாள் உங்களுக்கு இது ஒரு விபத்து. ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் ஒரு மணி நேரத்தை இரண்டாம் தடவை கூட்டிவிட்டான், பாவம். இன்று காலை ஃப்ளோரா உங்கள் ஆளிடம் சொன்னாளாம்: "அப்பா போன் பண்ணினப்ப தாத்தா பிரபு மாதிரி செத்துக் காட்டினார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்." அவள் பொய் சொல்லமாட்டாள். அந்தக் குணம் எங்கள் பக்கத்தில் கிடையாது, டங்கனிடமிருந்து வந்தது. அவளைத் திட்டாதீர்கள். நான் மறுக்கவும் போவதில்லை. பலகையை மறைத்தது நான். டப்பாவை விட்டுவந்தது நான். அந்த மூச்சை விட்டதும் நான்தான், தண்ணீர் எவ்வளவு என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டே. காகிதத்தை இப்படித் தள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள். ஜூடித் வெளியே நடையில் நிற்கிறாள். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரைப் பார்த்தே நிற்கிறாள். மோரீன் போனபோதும் முதலில் இப்படித்தான் இருந்தாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டாள். அவளுக்கு மலைச் சாலையில் கார் ஓட்டப் பயம், வரைபடமும் படிக்கத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். என் குளிர்கோட்டும் மோரீனின் படமும் காரோடு போய்விட்டன. படம் போனால் போகட்டும், ஒரு கோட்டு மட்டும் வாங்க வேண்டும். ஓட்ஸும் கொஞ்சம் வாங்க வேண்டும்.

அவள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் காத்திருக்கிறாள்.